பெற்றவர் பெட்டியில்: அயர்லாந்தின் பழைய கடிதங்கள் பிழைத்த விதம்

அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ் பல ஆண்டுகள் காதலித்தும் மணக்க முடியாமல் போனவர் மாட் கோன். இருவரும் 1893 முதல் 1938 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 1992இல் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அதைப் புரட்டுகிறவரை முதலில் உறுத்துவது எண்ணிக்கைதான். மாட் கோன் எழுதியவை 370க்கும் மேல். யேட்ஸ் எழுதியவை ஏறத்தாழ 30. யேட்ஸ் கடிதம் எழுதச் சலித்தவர் அல்லர், ஆயிரக்கணக்கில் எழுதியவர். மாட் கோன் அனுப்பியவை அவரிடம் பத்திரமாக இருந்தன. அவர் அனுப்பியவை டப்ளினில் மாட் கோன் வீட்டில் இருந்தன. 1922-23 உள்நாட்டுப் போரில் மாட் கோன், அயர்லாந்துச் சுதந்திர அரசை உருவாக்கிய பிரிட்டனுடனான உடன்படிக்கையை எதிர்த்த அணியில் நின்றார். புதிய சுதந்திர அரசின் படையினர் அவருடைய வீட்டைச் சோதனையிட்டுக் காகிதங்களை அள்ளிக் கொளுத்தினார்கள். அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1922 டிசம்பரில்தான் அதே அரசின் செனட்டுக்கு யேட்ஸ் நியமிக்கப்பட்டார்.

ஒரு கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடம் தங்குகிறது. கேட்டால் இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஆனால் இந்த எளிய உண்மையிலிருந்து பிறக்கும் விளைவுகள் ஏராளம். எழுதியவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, பெற்றவர் வீட்டில் பூட்டுள்ள பெட்டி இருந்ததா, கூரை ஒழுகாமல் இருந்ததா, வாரிசுகள் எதையும் தூக்கி எறியாத குணமுள்ளவர்களா என்பவைதான் கடிதத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அயர்லாந்தில் இது இலக்கிய ரசிகர்களின் கவலையாக மட்டும் நின்றுவிடவில்லை. அந்நாட்டின் அரசு ஆவணங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பலானதால், தனியார் வீட்டுக் கடிதங்களே வரலாற்றின் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. ஆகவே அங்கே ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் படிக்கும்போது, இது ஏன் மிஞ்சியது, இதனோடு சேர்ந்து மிஞ்சாமல் போனது எது என்றும் கேட்டாக வேண்டும்.

1922 ஏப்ரலில் உடன்படிக்கையை எதிர்த்த படையினர் லிஃபி ஆற்றங்கரையிலுள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றினார்கள். அந்த வளாகத்துக்குள்தான் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. அதற்குள்ளும் வெடிபொருள்கள் வைக்கப்பட்டன. ஜூன் 28 அன்று அரசுப் படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் 30 அன்று பெரும் வெடிப்பும் தீயும் ஏற்பட்டு, ஏழு நூற்றாண்டுகளின் ஆவணங்கள் அழிந்தன. எரிந்த தாள்கள் நகரத்தின் மேல் பறந்து ஹோத் குன்று வரை போய் விழுந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் சில துண்டுகளைத் தவிர எல்லாம் போயின. உயில்கள் போயின. ஆங்கிலிகன் பிரிவான அயர்லாந்து திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போயின.

எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேலேயே போட்டுவிடவும் முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. விளைவு, ஒரு சராசரி அயர்லாந்துக் குடும்பத்தின் பெயர்களை முழுமையாகக் காட்டும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டுடையது. அதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமானால் நிலப்பதிவு, கத்தோலிக்கத் திருச்சபைப் பதிவேடு, இவற்றோடு கடிதம் என்று கிடைத்த பிடியையெல்லாம் பற்றிக்கொள்ள வேண்டும்.

இழப்பை, பிரிட்டனோடு நீடித்த வடக்கு, தனி அரசான தெற்கு ஆகிய இரு அயர்லாந்துகளும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் ஈடுகட்ட முயன்றன. வடக்கே பெல்ஃபாஸ்டில் 1923இல் நிறுவப்பட்ட வட அயர்லாந்துப் பொது ஆவண அலுவலகம், அரசுக் கோப்புகள் இல்லாத குறையைத் தீர்க்கத் தனியார் வீடுகளையும் வழக்கறிஞர் அலுவலகங்களையும் நாடியது. அதன் முதல் தலைமை அலுவலரான டி.ஏ. சார்ட் இப்படித் தேடிச் சேர்த்த வழக்கம் அந்நிறுவனத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது. ஓர் அரசுக் காப்பகம் இத்தனை குடும்பக் காகிதங்களை வைத்திருப்பது அபூர்வம். தெற்கே 1928இல் ஓயின் மக்நீல் தலைமையில் அயர்லாந்துச் சுவடிகள் ஆணையம் தோன்றியது. அதன் ஆய்வாளராக எட்வர்ட் மக்லைசாட் 1939 முதல் 1943 வரை நிலவுடைமையாளர்களின் நாட்டுப்புறப் பெருவீடுகளுக்குப் போய், என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்று பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அவர் போன நேரம் ஏற்கெனவே தாமதமானது. 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பிறகு நிலவுடைமையாளர்கள் குடியானவர்களுக்கு நிலத்தை விற்கத் தொடங்கியிருந்தார்கள். விற்ற பிறகு குத்தகைக் கணக்குக்கும் காரியஸ்தர் கடிதத்துக்கும் வீட்டில் என்ன வேலை? போதாததற்கு, 1920க்கும் 1923க்கும் இடையில் இன்றைய அயர்லாந்துக் குடியரசின் 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 275 பெருவீடுகள் கொளுத்தப்பட்டன. ஃபோர் கோர்ட்ஸ் தீயைப் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வீடுகளோடு எரிந்த காகிதங்களைப் பற்றி எழுதப்படவில்லை. அவற்றுக்குப் பட்டியலே இல்லாததால் எது போயிற்று என்று சொல்ல எவரும் இல்லை.

பெல்ஃபாஸ்ட் சேகரிப்பில் தமிழ் வாசகருக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. ஆன்ட்ரிம் மாவட்டத்து லிசனூரைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்கார்ட்னி 1781 முதல் 1785 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். ஹைதர் அலியோடு போர், ஆற்காடு நவாப் முகமது அலியின் வருவாய் உரிமைகள் பற்றிய இழுபறி எல்லாம் அவர் காலத்தவை. அவருடைய காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஏலங்களில் சிதறிய அவை பெல்ஃபாஸ்ட், லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், டோக்கியோ என்று போய்ச் சேர்ந்திருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையைப் பற்றி எழுத விரும்புகிறவர் அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் காகிதங்கள் சிதறிய வரலாற்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெருவீடுகளில் பிழைத்தவற்றில் பெண்களின் கடிதங்கள் தனிச் செல்வம். லீன்ஸ்டர் கோமகள் எமிலி கில்டேர் மாவட்டத்துக் கார்ட்டன் மாளிகையில் வாழ்ந்தவர். 1731இல் பிறந்து 1814இல் மறைந்தார். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றவர். அவருடைய சகோதரிகள் கரோலின், லூயிசா, சாரா ஆகியோரும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவராகிக் காயத்தால் இறந்த மகன் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருக்கு எழுதியவை டப்ளினிலுள்ள அயர்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1949க்கும் 1957க்கும் இடையில் சுவடிகள் ஆணையம் அவற்றை மூன்று தொகுதிகளாக அச்சிட்டது. எமிலியின் பெயரைத் தாங்கிய அந்தத் தொகுதிகளில் பெரும்பாலான பக்கங்கள் அவருக்குப் பிறர் எழுதியவை. உறை இல்லாத காலம் அது. எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்கள். தபால் கட்டணத்தைப் பெறுபவர்தான் செலுத்துவார். ஒரு பக்கத்தை எழுதி முடித்தபின் தாளைத் திருப்பி அதே வரிகளின்மீது குறுக்காக எழுதும் பழக்கம் அந்தச் செலவுக்கு அஞ்சிப் பிறந்தது. இன்று அதைப் படித்துப் பெயர்த்தெழுதும் ஆய்வாளர்களின் கண்கள்தான் பாவம்.

ஏழைகளின் குரல் இந்தப் பெட்டிகளில் கிடைக்குமா? கிடைக்கிறது, ஆனால் எதிர்பாராத இடத்தில். ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையை 1979இல் ஜிம் கேலரி என்ற உள்ளூர்த் தொழிலதிபர் வாங்கினார். வாங்கிய நோக்கம் வரலாறு அன்று. அவருடைய வாகனத் தொழிலை விரிவாக்க நிலம் தேவைப்பட்டது. பண்ணை அலுவலகத்தில் குவிந்து கிடந்த காகிதங்களைப் புரட்டியபோது, 1846 ஆகஸ்டில் க்ளூனஹீ என்ற ஊரின் குடியானவர்கள் எழுதிய விண்ணப்பம் கையில் அகப்பட்டது.

அது உருளைக்கிழங்குப் பயிர் இரண்டாம் ஆண்டாக அழுகிப்போயிருந்த மாதம். எங்கள் குடும்பங்கள் எங்கள் கண்முன் துடிக்கின்றன, உணவுக்காக அவர்கள் அழுவதை இனியும் எங்களால் தாங்க முடியாது என்கிறது விண்ணப்பம். கெஞ்சலோடு அது நிற்கவில்லை. உடனடியாக நிவாரணம் வராவிட்டால் நாட்டின் அமைதி கெடும் என்று எச்சரிக்கிறது. கடவுளின் சட்டத்துக்கும் நாட்டின் சட்டத்துக்கும் மாறான எதிலும் சேர மாட்டோம், பசி எங்களைத் தள்ளினாலன்றி என்று முடிச்சுப் போடுகிறது. ஒவ்வொரு சொல்லும் எடை பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பட்டினி கிடப்பவர்கள் வாய்பேசாமல் செத்தார்கள் என்று பொதுவாக எண்ணிக்கொள்கிறவர்கள் இந்த ஒரு தாளைப் படித்தால் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் அதே அலுவலகக் காகிதங்களே சொல்கின்றன. நிலவுடைமையாளர் டெனிஸ் மேஹனின் காரியஸ்தர் கணக்குப் போட்டார். குடியானவர்களை ஏழைகள் இல்லத்தில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு என்று விடை வந்தது. 1847இல் 1,490 பேர் ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடத்தி அழைத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து லிவர்பூல் வழியாக அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஏறிய கப்பல்களில் ஒன்றான வெர்ஜினியஸில் 476 பேர் புறப்பட்டு 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் சேகரிப்பு இன்று 50,000க்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்டது. அங்கே 1994இல் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கடித வரலாற்றின் கண்ணோடு பார்த்தால் இதிலுள்ள முரண் கசப்பானது. க்ளூனஹீ மக்கள் எழுதிய வேண்டுகோள் பிழைத்ததற்குக் காரணம், அது வேண்டுகோளைப் பெற்றவர்களின் அலுவலகத்தில் கோப்பாகிக் கிடந்ததுதான். அந்த மக்கள் தங்கள் குடிசைகளில் வைத்திருந்த காகிதம் ஏதாவது இருந்திருந்தால் அது குடிசையோடு போயிருக்கும். பஞ்சத்தில் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள் என்று பாடநூல்கள் சொல்கின்றன; அவர்களில் யாருடைய வாக்கியம் நமக்கு வந்துசேர்ந்தது என்பதை முடிவு செய்தது பண்ணை அலுவலகத்தின் அலமாரி.

வெளியேறியவர்களோ எழுதினார்கள். 1856க்கும் 1921க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அயர்லாந்திலிருந்து கப்பலேறினர். 1841இல் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளின் பயனாக 1911இல் அந்த விகிதம் 12 சதவீதமாகச் சுருங்கியது. எனவே நூற்றாண்டின் பிற்பகுதியில் புறப்பட்டவர்களிடம் பேனா இருந்தது. ‘அமெரிக்கக் கடிதம்’ என்றே ஊரில் பெயர் பெற்ற அந்தத் தபால், கிறிஸ்துமஸை ஒட்டி வரும்போது பெரும்பாலும் பணத்தோடு வந்தது. சில சமயம் தம்பிக்கோ தங்கைக்கோ முன்பணம் கட்டிய கப்பல் டிக்கெட்டும் உள்ளே இருந்தது. அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுதியவருக்கும் இது தெரியும். ஊரே கேட்கப்போகிறது என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்தில் மனதின் ரகசியத்தைத் தேடுவது வீண்.

அவற்றின் தொடக்க வாசகத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். நான் நலமாக இருக்கிறேன், கடவுளுக்கு நன்றி, இந்தச் சில வரிகள் உங்களையும் நலத்தோடு வந்தடையும் என நம்புகிறேன் என்பதே ஆயிரக்கணக்கான கடிதங்களின் முதல் வரி. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பழகிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழக்கமான வாசகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எழுதத் தயங்குகிறவருக்குப் பெரிய வசதி. செய்தி அதற்குப் பிறகுதான்: கூலி எவ்வளவு, யார் இறந்தார், எந்த ஊர்க்காரரைச் சந்தித்தேன், மாட்டை விற்றீர்களா.

இந்தக் கடிதங்களை நூலகங்கள் தாமாகத் தேடிப் போனதில்லை. 1950களில் ஆர்னால்ட் ஷ்ரையர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அயர்லாந்துச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, வீடுகளில் இருந்த கடிதங்களைக் கேட்டு வாங்கினார். பின்னர் கெர்பி மில்லர் அதே வழியில் பல பத்தாண்டுகள் சேகரித்தார். குடும்பங்களிடமிருந்து வாங்கிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஏறத்தாழ 5,000 கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் கொண்டு 1985இல் அவர் எழுதிய ஆய்வு, அயர்லாந்தவர்கள் தங்களை விரும்பிக் குடிபெயர்ந்தவர்களாக அல்லாமல் நாடு கடத்தப்பட்டவர்களாகவே உணர்ந்தார்கள் என்று வாதிட்டது. அந்த வாதத்தோடு சண்டை போட்டவர்கள் பலர். ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களை ஆராய்ந்த டேவிட் ஃபிட்ஸ்பாட்ரிக் வேறு வழியில் போனார். 1994இல் அவர் வெளியிட்ட நூலில் 111 கடிதங்கள் மட்டுமே. ஆனால் முழு வடிவில், பிழைகளோடு, குடும்பம் குடும்பமாக, இரு திசைகளிலும் போனவை.

எனக்கு ஃபிட்ஸ்பாட்ரிக்கின் வழியே அதிகம் பிடித்திருக்கிறது. காரணம், அந்த இரு திசை. அயர்லாந்தில் ஒரே பண்ணை வீட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த பெற்றோருக்கு வந்த கடிதங்கள் தங்கின. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் வீட்டுவேலை செய்துகொண்டு ஒரு சிற்றறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த மகளுக்கு அம்மா எழுதியவை தங்கவில்லை. ஆகவே நமக்குக் கிடைக்கும் குடிபெயர்வின் வரலாற்றில் போனவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள், இருந்தவர்கள் ஊமையாக இருக்கிறார்கள். போனவர்களிலும் தோற்றவர்கள் எழுதவில்லை. பணம் அனுப்ப வழியில்லாதவர், குடியில் விழுந்தவர், சிறைக்குப் போனவர் ஆகியோர் மௌனத்தைத் தேர்ந்தார்கள். பெட்டியில் அந்த மௌனத்துக்கு இடமில்லை.

இன்னோர் இடைவெளியும் உண்டு. பஞ்சத்துக்குப் பின் 1851இலும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐரிஷ் மொழி பேசினார். ஆனால் ஐரிஷில் எழுதிய குடிபெயர்ந்தோர் கடிதம் மிக அரிது. பள்ளியில் எழுதக் கற்ற மொழி ஆங்கிலம் மட்டுமே என்பதால், வீட்டில் ஐரிஷ் பேசிய மகன் ஆங்கிலத்தில் எழுத, ஊரில் ஒருவர் அதை அம்மாவுக்கு ஐரிஷில் சொன்னார். மில்லரின் சேகரிப்பு இப்போது கால்வே பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2024இல் ‘இமிர்கே’ என்ற பெயரில் இணையத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 7,000 கடிதங்கள். மேற்குக் கரையோரத்து ஐரிஷ் பேசும் ஊர்களின் வாசலிலேயே அமைந்த பல்கலைக்கழகம் அது. இருந்தும் அந்தத் தொகுப்பில் பெரும்பாலும் ஒலிப்பது ஆங்கிலம்தான்.

எழுத்தாளர்களின் கடிதங்களுக்கு வருவோம். இங்கே பெட்டியோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. பெற்றவரிடம் இருப்பது காகிதம் மட்டுமே, அதை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே என்பது ஆங்கிலச் சட்டத்தின் நிலைப்பாடு. 1741இல் இதை நிலைநாட்டிய வழக்கிலேயே ஓர் அயர்லாந்துக்காரர் இருக்கிறார். கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கும் டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு ஜொனாதன் ஸ்விஃப்டுக்கும் இடையிலான கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் அனுமதியின்றி வெளியிட்டார். போப் வழக்குத் தொடுத்தார். டப்ளினில் முன்பே அச்சான நூலைத்தானே நான் மறுபதிப்புச் செய்தேன் என்று கர்ல் வாதிட்டுப் பார்த்தார். நீதிபதி ஹார்ட்விக் பிரபு ஏற்கவில்லை.

ஸ்விஃப்டின் கடிதங்களே இன்னொரு பாடம். 1710 முதல் 1713 வரை லண்டனிலிருந்து டப்ளினிலிருந்த எஸ்தர் ஜான்சனுக்கும் அவர் தோழி ரெபெக்கா டிங்லிக்கும் அவர் எழுதிய 65 கடிதங்கள் பின்னாளில் ‘ஸ்டெல்லாவுக்கு எழுதிய நாட்குறிப்பு’ என்று பெயர் பெற்றன. ஸ்டெல்லா என்பது எஸ்தருக்கு ஸ்விஃப்ட் வைத்த பெயர். அரசியல் வம்பும் குளிர்காய்ச்சலும் குழந்தைமொழிக் கொஞ்சலும் கலந்தவை. முதல் கடிதமும் 41 முதல் 65 வரையிலானவையும் ஸ்விஃப்டின் கையெழுத்திலேயே பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இடையிலுள்ள 39 கடிதங்களின் மூலம் தொலைந்துவிட்டது. உறவினர் டீன் ஸ்விஃப்ட் 1768இல் அச்சிட்ட வடிவம் மட்டுமே இருக்கிறது. அவர் கொஞ்சல் மொழியைத் திருத்தி, கண்ணியமான உரைநடையாக்கிவிட்டார். குடும்பத்தின் மானம் காக்க விரும்புகிற உறவினர் எவ்வளவு அழிக்க முடியும் என்பதற்கு அந்த இரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே சான்று. ஸ்டெல்லா எழுதிய பதில்களில் ஒன்றுகூட இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதே நாடகத்தின் பெரிய மேடை நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ். ஜாய்ஸ் குடும்பம் பாரிஸை விட்டுப் போனபின், 1940இல் அவருடைய நண்பரும் ஊதியம் பெறாத செயலாளருமான பால் லியோன் என்ற ரஷ்ய யூதர் கைவிடப்பட்ட குடியிருப்புக்குப் போய்க் காகிதங்களை மீட்டார். வீட்டு உரிமையாளர் வாடகைப் பாக்கிக்காக ஏலம் விட்ட பொருள்களிலிருந்தும் சிலவற்றைத் தம் பணத்தில் வாங்கினார். கடிதங்களைப் பாரிஸிலிருந்த அயர்லாந்துத் தூதரகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ஓகெல்லியிடம் ஒப்படைத்து, டப்ளின் தேசிய நூலகத்தில் 50 ஆண்டுகள் மூடி வைக்கச் சொன்னார். 1941இல் நாஜிகள் லியோனைக் கைது செய்தனர். 1942இல் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1990களின் தொடக்கத்தில் பெட்டிகள் திறக்கப்பட்டன. வரலாற்றாசிரியரும் அல்லாத, அயர்லாந்துக்காரரும் அல்லாத ஒருவர் உயிர் ஆபத்துக்கு நடுவே செய்த வேலை அது.

மறுபக்கம், ஜாய்ஸின் பேரன் ஸ்டீஃபன் ஜாய்ஸ். மனநோயால் பல்லாண்டுகள் மருத்துவமனையில் கழித்த அத்தை லூசியா தமக்கும் தம் மனைவிக்கும் எழுதிய கடிதங்களை அழித்துவிட்டதாக 1988இல் வெனிஸில் நடந்த ஜாய்ஸ் மாநாட்டில் அவரே அறிவித்தார். அரங்கம் அதிர்ந்தது. லூசியாவுக்கு எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் எழுதியவற்றையும் பெக்கெட்டின் வேண்டுகோளின்படி அழித்திருந்தார். 2004இல் தேசிய நூலகம் ஜாய்ஸ் கையெழுத்துப் படிகளைக் காட்சிக்கு வைக்க முனைந்தபோது, காட்சிப்படுத்துவதே பதிப்புரிமை மீறலாகிவிடுமோ என்று அஞ்சி, அயர்லாந்து நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் ஸ்டீஃபனை வில்லனாக்கிப் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. நோரா பார்னக்கிளுக்கு ஜாய்ஸ் 1909இல் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் 1975இல் அச்சேறி உலகமே படித்தது. அவற்றில் ஒன்று 2004இல் லண்டன் ஏலத்தில் 2,40,800 பவுண்டுக்குப் போனது. தாத்தா பாட்டியின் அந்தரங்கம் அப்படி அச்சேறியதைக் கண்ட பேரன், அத்தையையாவது காப்பாற்ற நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. பெக்கெட் நடுவழி கண்டார். தம் படைப்புகளோடு தொடர்புள்ள கடிதங்களை மட்டும் வெளியிடலாம் என்று அனுமதித்தார். 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தேடிக் கண்டுபிடித்த பதிப்பாசிரியர்கள் 2009 முதல் 2016 வரை நான்கு தொகுதிகள் கொண்டுவந்தார்கள். எது தொடர்புள்ளது என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை.

விலை ஏறியதும் அயர்லாந்தின் இலக்கியக் கடிதங்கள் கடல் தாண்டின. நாடக ஆசிரியர் லேடி கிரெகரியின் காகிதங்கள் நியூயார்க் பொது நூலகத்தில். ஜாய்ஸ் பஃபலோவிலும் கார்னெலிலும். பெக்கெட் டெக்சாஸிலும் ரெடிங்கிலும். நிலத்தை விற்ற நிலவுடைமைக் குடும்பங்களுக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் காசோலை வாங்கும் முறை எழுத்தாளர்களுக்கு வந்தது என்று இதை எளிதாகக் கேலி செய்யலாம். ஆனால் பஃபலோ வாங்காமல் இருந்திருந்தால் அவை எங்கே இருந்திருக்கும் என்ற கேள்விக்கு டப்ளினிடம் அந்நாளில் பதில் இல்லை. நூலகத்திடம் பணம் இல்லை, நாட்டில் தணிக்கை நிலவியது. நிலைமை பின்னர் மாறியது. பாரம்பரியப் பொருளை அரசு நிறுவனத்துக்கு நன்கொடையாகத் தருவோருக்கு அதன் சந்தை மதிப்பில் 80 சதவீதம் வரை வரிக் கழிவு கிடைக்கும் ஏற்பாடு உண்டு. 2002இல் தேசிய நூலகம் பால் லியோனின் மகனிடமிருந்து ஜாய்ஸின் கையெழுத்துப் படிகளை ஒரு கோடியே 26 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. 2011 டிசம்பரில் ஷேமஸ் ஹீனி தம் கவிதைப் படிகள் நிறைந்த பெட்டிகளைத் தாமே கொண்டுவந்து நூலகத்தில் இலவசமாகக் கொடுத்தார். அவருக்கு வந்த கடிதங்களோ 2003லேயே அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தன. ஹீனியின் வரைவைப் பார்க்க டப்ளினுக்கும், அவருக்கு நண்பர்கள் எழுதியதைப் பார்க்க ஜார்ஜியா மாநிலத்துக்கும் போக வேண்டும்.

பெற்றவரிடம் தங்கும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு: வழியில் மறிக்கப்பட்ட கடிதம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு, மே 1 அன்று அதன் தலைவர்களில் ஒருவரான பாட்ரிக் பியர்ஸ் ஆர்பர் ஹில் சிறையிலிருந்து அம்மா மார்கரெட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் எதிர்பார்த்திருந்த ஜெர்மன் கப்பல் உண்மையிலேயே புறப்பட்டதாகவும் பிரிட்டிஷார் அதை முறியடித்துவிட்டதாகவும் பின்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எதிரியோடு கொண்ட தொடர்பைத் தம் கையாலேயே ஒப்புக்கொண்ட வரி அது. கவனக்குறைவா, தம்மோடு பழி நின்றுவிட வேண்டும் என்ற கணக்கா என்பதில் வரலாற்றாசிரியர்கள் பிரிந்து நிற்கிறார்கள். இராணுவம் கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுநாள் நீதிமன்றத்தில் சான்றாக்கியது. மே 3 விடியலில் பியர்ஸ் கில்மேனம் சிறையில் சுடப்பட்டார். அன்று அவர் எழுதிய விடைபெறும் கடிதம் அம்மாவின் கைக்கு வந்துசேர்ந்தது. மே 1 கடிதம் 1932இல் மார்கரெட் இறக்கும்வரை அவரிடம் வரவில்லை; இராணுவ நீதிமன்றக் கோப்பில் சேர்ந்தே இருந்தது. இன்று அது லண்டன் க்யூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த் துறைக் கோப்புகளுக்கு நடுவில், வரிசை எண் இடப்பட்டு நல்ல நிலையில் இருக்கிறது.